முதலில் ஸ்கேன் அல்ல

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) அறிக்கையைத்தான் முதலில் மேசையில் வைத்தார். "எல்லாம் நோர்மல் என்று எழுதியிருக்கிறார்கள் டொக்டர், சலக்கடுப்பு மட்டும் நிற்கவில்லை" என்றார்.

ஸ்கேனில் கிருமி தெரியாது. சிறுநீரை ஆய்வுகூடத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில்தான் அது அகப்படும். அவரோ பார்மசியில் வாங்கிய குளிசையை மூன்று நாளாக விழுங்கியிருந்தார். மருந்து உள்ளே போனபின் எடுத்த சிறுநீரில் கிருமி வளராமலே போகலாம்.

இளம் பெண்ணுக்கு முதல் தடவையாக வரும் சாதாரணச் சலக்கடுப்புக்குக் கல்ச்சர் தேவையில்லை. கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், காய்ச்சலும் நாரி நோவும் உள்ளவர்கள், திரும்பத் திரும்ப வருத்தம் வருபவர்கள் ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும். முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து 2 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மாங்குளம் வரை வெயிலில் வந்த போத்தலில் எந்தக் கிருமியும் பெருகியிருக்கும்!

முள்ளந்தண்டில் காயப்பட்டு நிரந்தரமாகச் சலக்குழாய் வைத்திருப்பவர்கள் இங்கே பலர். அவர்கள் சிறுநீரில் கிருமி எப்போதும் இருக்கும். கலங்கல், நாற்றம் என்பதற்காக மட்டும் பரிசோதிக்கத் தொடங்கினால் தேவையற்ற மருந்தில்தான் போய் முடியும். காய்ச்சல், நடுக்கம், வழமைக்கு மாறான கால் இழுப்பு இருந்தால் பரிசோதிக்கலாம். அப்போதும் பழைய குழாயை மாற்றிப் புதியதிலிருந்து எடுக்க வேண்டும், பையிலிருந்து அல்ல.

சிறுநீரகக் கல் வலிக்கு ஸ்கேன் நல்லதுதான், ஆனால் சிறுநீர்க் குழாயில் சிக்கிய சிறு கல்லை அது தவறவிடக்கூடும். சி.டி. அதைவிடத் தெளிவாகக் காட்டும். எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது, போரில் பட்டு உடம்பில் கிடக்கும் ஷெல் துண்டோ பளிச்சென்று தெரியும். எம்.ஆர்.ஐ. எழுதினால் அந்தத் துண்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தக் கருவியின் காந்தத்தால் அசையக்கூடிய உலோகம் அது.

வயல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வவுனியாப் பக்கம் காணப்படும் சிறுநீரக நோயில் ஆரம்பத்தில் வலியோ கடுப்போ இருக்காது, சிறுநீரில் புரதமும் குறைவாகவே போகும். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவைப் பார்க்காமல் "சலம் நன்றாகப் போகிறது" என்று நிம்மதி அடைய முடியாது.

வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால், அது தானாக நின்றுவிட்டாலும் வாருங்கள்.

அந்த அம்மாவுக்குக் கடுப்பு நிற்காததால் கல்ச்சரையும் அனுப்பிப் பார்த்தேன். வளர்ந்தது. அவர் விழுங்கிய குளிசைக்கு அசையாத கிருமி. ஸ்கேனுக்குப் போன காசைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.