நம்ம ஆளுக்கு வாக்குக் கேட்டால் இனவாதமா?

கடந்த தேர்தல் நேரம் ஹட்டனில் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தம்பி தொலைபேசியை நீட்டினார். முகநூலில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "மூன்று விருப்பு வாக்கில் ஒன்றையாவது நம்ம தோட்டத்துப் பிள்ளைக்குப் போடுங்க." கீழே அவருடைய முதலாளி, "இது இனவாதம், நாளைக்கு வந்து பதில் சொல்" என்று எழுதியிருந்தார். தம்பி மன்னிப்புக் கடிதம் எழுதத்தான் என்னிடம் வந்திருந்தார். எதற்கு மன்னிப்பு? ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படி யாராவது வருகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நம்மில் ஒருவர் பாராளுமன்றம் போக வேண்டும் என்று ஆசைப்படுவதும், அதற்கு வாக்குக் கேட்பதும் இனவாதம் இல்லை. அடுத்தவன் உரிமையில் கை வைத்தால்தான் இனவாதம். அதை எப்படிச் செய்வார்கள் என்று தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலையகத்தைக் கேளுங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் இங்கே தொகுதிகளை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அது எந்த இனத்தையும் வைது பேசவில்லை. இலங்கையில் பிறந்தவரிடம், தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த எத்தனை பேரின் தகப்பனுக்குப் பிறப்புப் பதிவு இருந்தது? 1949இல் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். நுவரெலியாவில் 1947இல் வென்ற தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், மறுபடி மக்கள் வாக்கில் தெரிவானது 1977இல். இப்படி எந்த நாட்டின் பிரஜையும் இல்லாமல் போன நாடற்றோரின் பிரச்சினையைத் தீர்க்க 1988லும் 2003லும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன.

உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை விஷயமும் அப்படித்தான். தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்குப் போடலாம். ஆனால் சபைப் பணத்தில் தோட்டத்துப் பாதையைப் போட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். இதையெல்லாம் இனவாதம் என்று பேசத் தயங்குகிறவர்கள், ஒரு பையனின் பதிவைப் பார்த்ததும் பாய்கிறார்கள்!

சரி, நம்ம பக்கத்துக்கும் வருகிறேன். "முஸ்லிம் வேட்பாளருக்குப் போட்டால் துரோகி", "சிங்களவன் கடையில் வாங்காதே" என்று மேடையில் முழங்கினால் கைதட்டுகிறோம். அது அப்பட்டமான இனவாதம். இன, மத வெறுப்பைப் பரப்பி பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பேசுகிறவர் தமிழர் என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது.

அப்புறம், "எங்க கட்சிக்குப் போடலைன்னா முழுப்பேர் கிடைக்காது, அரைப்பேர்தான்" என்று, முழுநாள் சம்பளத்தைப் பாதியாக்குவதாகத் தோட்டத்தில் மிரட்டுவது. அதையும் இனவாதம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். மிரட்டியவரும் தமிழர், மிரட்டப்பட்டவரும் தமிழர்! அது வாக்காளரைப் பயமுறுத்தும் தேர்தல் குற்றம். புகாரில் அப்படியே எழுதுங்கள். குற்றத்தின் பெயரை மாற்றி எழுதினால் போகவேண்டிய கதவும் மாறிப்போகும், புகார் மேசையிலேயே கிடக்கும்.

தேர்தல் குற்றம் என்றால் தேர்தல் ஆணைக்குழு, பொலிஸ். அரச அதிகாரி இனம் பார்த்து நடத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழு, அல்லது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம். அங்கே போக ஒரு மாதம்தான் அவகாசம். தேர்தல் முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று இருக்காதீர்கள். தனியார் முதலாளி மேல் அந்த வழக்குப் போட முடியாது. அவர் வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபை இருக்கிறது.

பதிவையும் அதன் கீழுள்ள மிரட்டலையும் அழிக்கும் முன், திகதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக, தம்பிமாரே தங்கச்சிமாரே, வாசிக்கத் தெரியாத மொழியில் தட்டச்சு செய்த "இனவாதம் பேசினேன்" என்ற கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு நேரே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.