கண்ணுக்குள் ஒரு பந்தல்

தம்பலகாமத்தில் சூடடிக்கும்போது பெரியப்பாவின் கண்ணில் நெல்லுச் சுணை பட்டது. கசக்கிவிட்டார். கிருமி பற்றிப் புண்ணாகி, அது ஆறியபின் கருவிழி நடுவில் அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் ஒரு பொட்டு மிஞ்சியது. ஊரில் 'பூ விழுந்திட்டுது' என்போம்.

கருவிழிக்கு மேலே கண்ணாடிபோல் மூடியிருப்பது கார்னியா. நடுவில் அரை மில்லிமீட்டர் தடிப்புத்தான். அது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. தோலில் இருப்பதும் கொலாஜன்தான், ஆனால் தோலுக்குள்ளால் எதுவும் தெரியாதே? வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. கார்னியாவின் இழைகள் சுமார் 30 நானோமீட்டர் பருமனில், ஒரே இடைவெளியில், இருநூறுக்கு மேற்பட்ட தட்டுகளாகப் படுத்திருக்கின்றன. அவை சிதறடிக்கும் ஒளி பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேரே போகும் ஒளி மட்டும் உள்ளே சேர்கிறது. மேல்படலக் கீறல் சில நாளில் தானாக மூடிவிடும். காயம் ஆழமாகப் போனால்தான் வினை: செல்கள் அவசர அவசரமாக இழைகளைத் தாறுமாறாகப் போட்டு அடைக்கின்றன. அங்கே ஒளி சிதறுகிறது, பூ வெள்ளையாகத் தெரிகிறது.

உடல் ஏற்றுக்கொள்ளும் பொருட்களை வைத்துச் செய்யும் உயிர்ப்பொருள் வைத்தியம் கைவைப்பது இந்த ஒழுங்கில்தான். பாகற்கொடிக்குப் பந்தல் போடுவதுபோல, செல்கள் பற்றிப் படர ஒரு தெளிவான சட்டம் கொடுக்கிறார்கள். பழைய பந்தல் ஒன்று பிள்ளைப்பேற்றில் கிடைக்கிறது: நஞ்சுக்கொடியின் உட்சவ்வு. கண்ணின் மேற்பரப்பில் ஒட்டினால் அழற்சி தணியும், தழும்பும் குறையும்.

புதியது, சுவீடன் ஆய்வாளர்கள் பன்றித்தோல் கொலாஜனைச் சுத்தமாக்கி, இழைகளை இறுகப் பிணைத்துச் செய்த வில்லை. 2022இல் வெளியான ஆய்வில், இந்தியாவிலும் ஈரானிலும் கார்னியா மெலிந்து கூம்பிப்போன 20 பேருக்கு, அவர்களது கார்னியாவை வெட்டி எடுக்காமல், அதற்குள் சிறு பை திறந்து செருகினார்கள். தையலே இல்லை. அதில் 14 பேர் முன்பு பார்வையற்றவர்களாகக் கணிக்கப்பட்டவர்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவரும் அந்த நிலையில் இல்லை. வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தானமாகக் கிடைக்கும் கார்னியாவை இரண்டு வாரத்துக்குள் வைத்தாக வேண்டும். இந்த வில்லையை இரண்டு வருடம் வரை சேமிக்கலாம்.

"அப்ப என்ர பூவுக்கும் இது சரிவருமா?" பெரியப்பா கேட்டார். இல்லை, பெரியப்பா. அது மெலிந்த கார்னியாவுக்கு. உங்கள் தழும்பை எடுத்துவிட்டு வேறு கார்னியா வைக்க வேண்டும். அதற்கு இப்போதைக்குத் தானக்கண்தான். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கத்தால் வெளிநாடுகளுக்கும் கண் போகிறது. முதலில் கிளினிக்குக்கு வாருங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.