மனம்விட்டுப் பேசுவதற்கு ஏன் ஒரு 'தன்மை'?

பெங்களூர் அல்சூரில் ஒரு கிளினிக் சுவரில்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தது. போன வாரம் அலுவலகத்தில் கொடுத்த தமிழ்த் தாளிலும் அதே வரி: 'சுகாதாரக் கவலை உள்ளவர்களுக்கு உணர்ச்சி வெளிப்படைத்தன்மை உதவும்.' மூன்றாம் முறை பொறுக்க முடியவில்லை. ஆங்கில 'ஹெல்த் ஆங்ஸைட்டி'யையும் 'எமோஷனல் ஓப்பன்னஸ்'ஸையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள்.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சுகாதாரம் என்றால் நமக்குச் சாக்கடையும் கொசுமருந்தும்தான். இங்கே பேச்சு, தலைவலி வந்தாலே மூளையில் கட்டியோ என்று நடுங்குவதைப் பற்றி. ஹைப்போகாண்ட்ரியா பழைய பெயர். கிரேக்கத்தில் விலாக் குருத்தெலும்புக்குக் கீழே இருக்கும் இடம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே அதைக் கைவிட்டது. நோய்ப்பயம் என்றால் போதும்.

வெளிப்படைத்தன்மைக்கு வருவோம். என் மைத்துனர் மூன்று முறை இசிஜி எடுத்தவர். மூன்றும் சரியாக இருந்தும் தூக்கமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. தாளைக் காட்டினேன். "என்ன அத்தான், டெண்டர் விடப்போறாங்களா?" என்றார். அதேதான்! வெளிப்படை என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொருள். இலக்கணத்தில்கூட அது குறிப்புக்கு, அதாவது மறைமுகமாக உணர்த்துவதற்கு, எதிர். பயத்தை ஊரறியச் சொல்லவா அவருக்கு ஆள் வேண்டும்? ஒரே ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினால் ஆயிற்று. வாய்விட்டு அழுவதில் உள்ள அதே 'விடு'தான் இது. அடக்கி வைத்ததை விடுவது. ஆங்கிலத்தில் அது குணத்தின் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். தமிழில் அது செயல், எதிரில் கேட்க ஆள் இருந்தால்தான் நடக்கும்.

தமிழ்ச் சங்க நண்பர் ஒருவர், மனம் வடசொல், 'உளந்திறப்பு' என்று எழுது என்கிறார். திறப்பு என்றதும் எனக்கு ரிப்பனும் கத்தரிக்கோலும்தான் தெரிகின்றன. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா 'மனசு பிச்சி மாத்தாடி' என்பார். நம் காதுக்குப் பிய்ப்பதுபோல் இருக்கும், உண்மையில் அவிழ்ப்பது. அவர்களும் வினையாகத்தான் வைத்திருக்கிறார்கள், தன்மை ஒட்டவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். 'எனக்கு ஒண்ணும் இல்லையே?' என்று நாள் முழுக்க வீட்டில் கேட்பதும் வெளிப்படைதான். ஆனால் அது உறுதி கேட்பது. பதில் வந்ததும் பயம் அடங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பும், கேட்பதே பழக்கமாகிவிடும். 'எனக்குப் பயமா இருக்கு' என்று உட்கார்ந்து சொல்வது வேறு. தாளில் அந்த வேறுபாட்டுக்கு ஒரு வரி இல்லை. 'தன்மை' மட்டும் ஒன்பது இடத்தில் இருக்கிறது, எண்ணிவிட்டேன்.