மஞ்சள் விளக்கும் மணவாளக்குறிச்சி மணலும்

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2014 மாடல் பெட்ரோல் கார், பாறசாலைக்காரர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி அழித்துக் கொடுக்கிறார்கள், ரெண்டு நாளில் திரும்ப எரிகிறது. ஒரு மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சார் போச்சு என்கிறார், இன்னொருவர் கன்வெர்ட்டரையே (புகைக் குழாயில் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) மாற்றணும் என்கிறார், மாமனாரோ வண்டிக்கே ராசியில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறாராம். "யார் சொல்வதைக் கேட்பது சார்?"

முதலில் சுருக்கமாக விளக்குகளின் நிறம். எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள், ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். டெம்பரேச்சர் சிவப்பும் அப்படியே. மஞ்சள் எஞ்சின் விளக்கு நிதானமாக எரிந்தால் வீடு போய்ச் சேரலாம். அதுவே கண்சிமிட்டினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம், அதன் உள்பாகம் உருகக்கூட வாய்ப்புண்டு, வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் நிறுத்துங்கள்.

சரி, அழித்தால் ஏன் திரும்ப வருகிறது? எஞ்சினைக் கவனிக்கும் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு கோளாறைப் பார்த்தவுடனே விளக்கைப் போட்டுவிடுவதில்லை. பெரும்பாலான கோளாறுகளை முதல் ஓட்டத்தில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதுவே தெரிந்தால்தான் விளக்கு. ஸ்கேனரால் அழிக்கும்போது அந்தக் குறிப்பும் போய்விடுகிறது, கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது, அதனால்தான் அந்த ரெண்டு நாள் நிம்மதி. உண்மையிலேயே கோளாறு சரியாகிவிட்டால் யாரும் அழிக்கவே வேண்டாம், மூன்று ஓட்டம் தொடர்ந்து சுத்தமாகப் போனால் விளக்கு தானாக அணையும், 40 முறை எஞ்சின் சூடாகி ஆறியபின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணும், அதாவது கோடும் (code) மறைந்துவிடும்.

இப்போது ஆக்ஸிஜன் சென்சார். இதைப் பற்றி எழுதக் கிடைத்த சாக்குக்காகவே இந்தக் கேள்வியை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரிதான் இருக்கும், புகைக் குழாயில் திருகி வைத்திருப்பார்கள். உள்ளே விரல்நுனி அளவு ஒரு பீங்கான் தொப்பி, சிர்கோனியாவால் ஆனது. அதன் உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் எஞ்சின் புகை, ரெண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. சிர்கோனியாவில் ஒரு சிர்கோனியம் அணுவுக்கு ரெண்டு ஆக்ஸிஜன். அதில் கொஞ்சம் யிட்ரியம் கலக்கிறார்கள். யிட்ரியத்தின் மின்னூட்டம் சிர்கோனியத்தைவிட ஒன்று குறைவு, ஆகவே ரெண்டு யிட்ரியம் உள்ளே வந்தால் ஒரு ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடம் காலியாக நிற்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதும் பக்கத்து ஆக்ஸிஜன் அந்தக் காலி இடத்துக்குத் தாவும், அது விட்ட இடத்துக்கு அடுத்தது தாவும். நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோர சீட் ஒன்று காலியானதும் வரிசையாக ஆட்கள் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கெட்டிப் பீங்கான், காற்று புகாது, எலக்ட்ரானும் புகாது என்றே சொல்லலாம், ஆக்ஸிஜன் அயனி மட்டும் அதற்குள் நடந்து போகிறது!

காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். புகையில் அதைவிடக் குறைவு. அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் போகப் பார்க்கும், அந்தத் தள்ளுமுள்ளு மின்னழுத்தமாக வெளியே தெரியும். எவ்வளவு அழுத்தம் என்பதற்கு 1889இலேயே வால்தர் நெர்ன்ஸ்ட் சமன்பாடு எழுதிவிட்டார், பள்ளியில் படித்த அதே நெர்ன்ஸ்ட், 1920ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பெற்றவர். அந்தச் சமன்பாட்டில் மடக்கை இருக்கிறது, எல்லா அழகும் அங்கேதான். பெட்ரோல் குறைவாகப் போனால் புகையில் ஒன்றிரண்டு சதவீதம் ஆக்ஸிஜன் மிஞ்சும், மடக்கை எடுத்தால் 0.1 வோல்ட்டுக்கும் கீழே வரும். பெட்ரோல் ஒரு துளி கூடிவிட்டால் பிளாட்டினத்தின் மேலேயே மிச்ச ஆக்ஸிஜனும் எரிந்துபோகிறது, அதன் அளவு கோடானுகோடி மடங்கு சரிந்து கிட்டத்தட்ட இல்லை என்றாகிவிடும், அழுத்தம் ஒரே தாவலில் 0.9 வோல்ட் பக்கம் ஏறும். இந்தத் தாவல் நடக்குமிடம் 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்ற சரியான கலவையிலேயே இருக்கிறது. யாரும் அப்படி அமைத்து வைக்கவில்லை, வேதியியல் அப்படி. 1976இல் பாஷ் நிறுவனம் இந்த சென்சாரை வால்வோ காரில் கொண்டுவந்தது.

சிர்கோனியா எதிலிருந்து வருகிறது? சிர்கான் மணலிலிருந்து. நம் மணவாளக்குறிச்சியிலும் அந்தப் பக்கம் கொல்லம் சவறாவிலும் கடற்கரைக் கருமணலில் இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்களோடு கலந்து கிடக்கிறதே அதே சிர்கான். மணல் அள்ளுவதா கூடாதா என்கிற சண்டை தனி, கடற்கரைக்காரர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அள்ளுவதென்று ஆனபிறகு அதை மணலாகவும் பொடியாகவும் விற்றால் மட்டும் போதுமா? திருவனந்தபுரத்தில் பொருள் அறிவியலிலும் வேலை செய்யும் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது, இந்த மாதிரிப் பீங்கான் வேலைக்குக் காசு கொட்டினால் வீணாகாது என்பது என் கட்சி.

வண்டிக்கு வருவோம். இந்த சென்சாருக்குத் தெரிந்தது ஆக்ஸிஜன் மட்டும், பெட்ரோலை அது பார்த்ததே இல்லை. ஒரு பிளக் சரியாக அடிக்கவில்லை என்று வையுங்கள், எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வரும், சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் பொத்தல் இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து இதே குழப்பம். ஆகவே பி 0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோடு வந்தால் சென்சாரை மாற்றுவது, என்னைக் கேட்டால், மாமனாரின் ராசியைவிடப் பெரிய மூடநம்பிக்கை. சென்சார் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும்.

ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் என்று ஒரு எண் வரும், அதைக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கூடுதலாக எத்தனை சதவீதம் பெட்ரோல் ஊற்றுகிறது என்பது அது. வண்டி நின்றபடி ஓடும்போது 20ஐத் தாண்டி, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் இறங்கி வந்தால் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துக் காற்று இழுக்கிறது. நேர்மாறாக, ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கக் கூடினால் ஃபில்ட்டரையும் பெட்ரோல் பம்பையும் பாருங்கள்.

கன்வெர்ட்டர் மாற்றச் சொன்னவர் பி 0420, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட்டைப் பார்த்திருப்பார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் உண்டு. முன்னதன் மின்னழுத்தம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், பின்னது அசையாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்ஸைடு ஆக்ஸிஜன் மிஞ்சும்போது பிடித்து வைத்து, குறையும்போது விட்டுக்கொடுக்கும். (சீரியமும் மோனசைட்டில் இருப்பதுதான்.) பின்னதும் சேர்ந்து ஆடினால் அந்தச் சேமிப்புத் திறன் போய்விட்டது, அப்போது மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பி 0171, பி 0300 (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்ற கோடு) கூடவே இருந்தால் அவற்றை முதலில் தீர்க்காமல் புது கன்வெர்ட்டர் போடாதீர்கள், அதுவும் கெடும்.

காசு செலவழிக்கும் முன் பானட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்க நல்ல வாய்ப்பு, கடலோரம் என்றால் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு. சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கான கோடு பி 0135 வந்தால் ஃப்யூஸையும் இந்த வயரையும் பார்த்தபிறகுதான் சென்சார் கடைக்குப் போவது.

அப்புறம், அடுத்த முறை செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் மீட்டரைப் பாருங்கள். அப்போது மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், டேப் ஒட்டியிருக்கலாம். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தாலும் கம்ப்யூட்டர் தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள், பலவும் முடியாமல் கிடந்தால் சமீபத்தில்தான் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விலையைப் பேசும்போது அதையும் கேளுங்கள்.