முன்னங்கால் ஈரமாக இருந்தால் மூக்கைப் பாருங்கள்

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் அக்காவின் மகன் பிறந்தநாளுக்கு ஒரு கினிபிக் (வீட்டில் வளர்க்கும், எலி இனத்துச் சிறு பிராணி) கேட்டு வாங்கினான். கடையிலிருந்து வந்த அன்று நல்ல துடிப்பு. ஆறாம் நாள் காலையில் தொலைபேசி வந்தது. "மாமா, இவருக்குத் தடிமன் போல கிடக்கு. கையெல்லாம் நனைஞ்சிருக்கு, வந்து பாருங்கோவன்."

கை என்று அவன் சொன்னது முன்னங்காலின் உட்பக்கத்தை. போய்ப் பார்த்தால் மூக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு முன்னங்கால்களிலும் உட்பக்கத்து மயிர் ஈரத்தில் சடைபிடித்து, ஓரத்தில் காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. மூக்கு வடிய வடியத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆளைப் பார்த்துத் தெரியாத தடிமன் கைலேஞ்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும்.

நோயை ஒளிப்பது இந்தப் பிராணியின் பிறவிக்குணம். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பக்கத்தில் பருந்துக்கும் நரிக்கும் இரையாகி வந்த இனம் அது. சோர்ந்திருப்பதைக் காட்டிக்கொண்டால் முதலில் பிடிபடுவது அதுதான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களுக்கும் இதே பயம் உண்டு. அதனால் கினிபிக் வெளிப்படையாகச் சுருண்டு படுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டிருந்தால், நோய் தொடங்கி நாளாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் ஆறாம் நாள்? கினிபிக்குகளின் நுரையீரலைத் தாக்கும் கிருமிகளில் முக்கியமானது போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பக்டீரியா. முயலும் நாயும் இதை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு தும்மல்கூட இல்லாமல் திரியும். கடையில் முயலையும் கினிபிக்கையும் ஒரே கூட்டில் போட்டிருந்தால், அல்லது பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் வைத்திருந்தால், தொற்றுவதற்கு அது போதும். தொற்றியபின் அறிகுறி வெளிவரப் பொதுவாக 5 முதல் 7 நாட்கள் பிடிக்கும். இதற்கிடையில் பெட்டியில் குலுங்கிய பயணம், புது வீடு, புதுச் சத்தம், புதுத் தீனி. இந்தப் பதற்றத்தில் சுரக்கும் ஹோர்மோன்கள் நோயெதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடுகின்றன. கடையில் அடங்கியிருந்த கிருமி வீட்டுக்கு வந்தபிறகு தலைதூக்குவது இதனால்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு கினிபிக் இருந்தால், புதியதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள்.

நோயெதிர்ப்புக்கு வேண்டிய விற்றமின் சி விஷயத்தில் கினிபிக் நம்மைப் போன்றது. அதன் உடலாலும் அதைத் தயாரிக்க முடியாது. 1907இல் நோர்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃபுரோலிச் என்ற இருவர் கினிபிக்குகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, விற்றமின் சி குறைவால் மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோயே அவற்றுக்கும் வந்தது. இன்றும் வெறும் கடைத்தீனியில் வளரும் குட்டிக்கு அந்தக் குறை வரலாம், ஏனென்றால் தீனியில் சேர்த்த விற்றமின் சில மாதங்களில் சிதைந்துவிடும். நமக்கு வழி சுலபம். பத்துக் கிராம் கொய்யாத் துண்டில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கிறது. அரைக் கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு அது தாராளம்.

அடுத்தது கூடு. மூக்கிலிருந்து மூச்சுக்குழாய் வரை உள்ளே நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நனைந்த மரத்தூளில் தேங்கும் மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா இந்த இழைகளைச் செயலிழக்கச் செய்யும். நமக்கு நெடி தெரிகிறதோ இல்லையோ, நிலத்தோடு மூக்கை வைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது முழு டோஸ். நுளம்புச் சுருள் புகையும் சாம்பிராணியும் அந்த அறைப்பக்கம் வேண்டாம்.

கினிபிக் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அதன் குரல்வளை மூடி மெல்லண்ணத்துக்கு மேலே செருகி நிற்பதால் காற்றுப் பாதை மூக்கோடு நேரே இணைந்திருக்கிறது. மூக்கடைத்தால் நாம் வாயைத் திறந்துகொள்வோம், அதற்கு அந்த வசதி இல்லை. அப்படியும் கினிபிக் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது.

அவ்வளவு தூரம் போகுமுன் கண்டுபிடிக்க ஒரு கடிகாரமும் ஒரு சமையல் தராசும் போதும். அமைதியாகப் படுத்திருக்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 100 வரை இயல்பு. அக்கா வீட்டு ஆளுக்கு 124 வந்தது. முதுகில் காதை வைத்தபோது ஈர விறகு எரிவதுபோல ஒரு சடசடப்பும் கேட்டது. கேக் செய்யும் தராசில் தினமும் நிறுக்கச் சொல்லியிருந்தேன். மருமகன் ஒரு கொப்பியில் கிராம் கணக்கில் 418, 416, 409, 397 என்று எழுதி வைத்திருந்தான். வளரும் குட்டி நிறை கூடவேண்டும். குறைகிறது என்றால் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே அதன் குடல் இயக்கம் நின்றுவிடலாம்.

வீணாகப் பயப்படவும் தேவையில்லை. வைக்கோல் தூசிக்கு ஒன்றிரண்டு தும்மல் வரும். கண்ணிலிருந்து பால்போல ஒரு திரவம் வரும், முகம் கழுவ அது தானே சுரந்துகொள்வது. கண்ணோரத்தில் பொருக்குக் கட்டினால்தான் யோசிக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வெக்கையாலும் மூச்சு வேகமாகும். அப்போது காது சுடும், எச்சில் வடியும், உடம்பை நீட்டிப் படுக்கும். முப்பது பாகைக்கு மேல் அதுவும் உயிராபத்துத்தான். குளிரான இடத்துக்கு மாற்றிக்கொண்டே வைத்தியரை அழையுங்கள்.

"தம்பி, பிள்ளைக்குக் குடுத்த அமொக்சிசிலின் பிரிட்ஜில மிச்சம் கிடக்கு, ரெண்டு சொட்டு விடுவமா?" என்று அக்கா கேட்டாள். நல்லவேளை, கேட்டாள். பெனிசிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால் கினிபிக்கின் குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்கள் அழிந்து, குளொஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். தடிமனுக்குத் தப்பினது மருந்தால் போய்விடும். இதற்கு ஒத்துவரும் மருந்துகள் வேறு, அளவும் வேறு. கினிபிக் பார்த்துப் பழகிய மிருக வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

மறுநாள் வெயில் ஏறுமுன்னே காற்றோட்டமுள்ள பெட்டியில் கொண்டுபோனோம். கொப்பியையும் எடுத்துப்போனது நல்லதாயிற்று, வைத்தியர் முதலில் கேட்டதே நிறையைத்தான். மருந்து தொடங்கி நாலாம் நாள் 402. ஐந்தாம் நாளுக்கு எண் இல்லை. "தராசில நிக்கிறார் இல்லை, ஓடுறார்" என்று எழுதியிருந்தான்.