லீக்: காதமும் இல்லை, ஆழமும் இல்லை

ஜூல் வெர்னின் ‘Twenty Thousand Leagues Under the Sea’ நாவலை 1916-இல் ஸ்டூவர்ட் பேட்டன் இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் பேசாப்படமாக வெளியிட்டது. அதைப் பற்றித் தமிழில் எழுத வந்தால் ‘கடலுக்கடியில் 20,000 காதம் ஆழத்தில்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே தொடரில் இரண்டு பிழை.

லீக் என்பது தூரத்தை அளக்கும் பழைய அளவு. இன்றைய பிரான்ஸ் பகுதியான பழைய ‘கோல்’ (Gaul) நாட்டுச் சொல். லத்தீனில் லெயுகா, பிரெஞ்சில் லியூ. அணிகளின் கூட்டமைப்பைக் குறிக்கும் லீக் வேறு வேரில் பிறந்தது.

ஆழம் என்பது நடக்கவே நடக்காது. வெர்ன் கணக்கில் ஒரு லியூ 4 கி.மீ. 20,000 லியூ என்றால் 80,000 கி.மீ., பூமியை இரண்டு சுற்று. கடலின் அதலபாதாளமே ஏறத்தாழ 11 கி.மீ.தான், மூன்று லீக்கைக்கூட எட்டாது. கதையில் வரும் நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸ் நீருக்கடியில் ஓடிய தூரம்தான் அந்த எண். படம் எடுத்ததும் ஆழ்கடலில் இல்லை. வில்லியம்சன் சகோதரர்கள் மிதவையிலிருந்து ஒரு குழாயை இறக்கி, அதன் அடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த அறைக்குள் நனையாமல் உட்கார்ந்து கேமராவைச் சுழற்றினார்கள். அதற்கு வெயில் ஊடுருவும் தெளிந்த நீர் வேண்டும். பஹாமாஸின் ஆழம் குறைந்த கடல் அதற்குத்தான்.

இனி காதம். ‘நம் சொல் இருக்க லீக் எதற்கு?’ என்பார்கள். அகராதி காதத்துக்குச் சுமார் 10 மைல் சொல்கிறது. அப்படியானால் 20,000 காதம் 3,20,000 கி.மீ.; பூமியை எட்டு சுற்று! சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரை ‘ஆறைங் காதம்’, அதாவது 30 காதம். திருச்சி வழியாக இன்று சுமார் 300 கி.மீ. எனவே காதம் 10 கி.மீ. ஆகிறது. அப்போதும் ஐந்து சுற்று. தனக்கே நிலையான அளவில்லாத சொல்லை இன்னொரு நாட்டு அளவின் தலையில் கட்டுவது தமிழ்ப்பற்று ஆகாது, கணக்குப் பிழை. படியை லிட்டர் என்று பெயர்க்க யாராவது துணிவார்களா? அளவுப் பெயரை அப்படியே வைப்பதுதான் முறை.

இன்னொன்று. பிரெஞ்சுத் தலைப்பில் கடல் பன்மை. ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் ஒருமையாக்கியது. மூலத்தைப் புரட்டாத நம் மொழிபெயர்ப்பாளர்களும் ஆங்கிலத்தின் வாலைப் பிடித்தே போகிறார்கள். உலகக் கடல்களையெல்லாம் சுற்றும் கதைக்கு அந்தக் ‘கள்’ அவசியம்.

‘கடல்களுக்கடியே 20,000 லீக் பயணம்’ என்று எழுதுங்கள். ‘பயணம்’ சேர்ந்தால் ஆழம் என்ற மயக்கம் வராது. முதல் பக்கத்திலேயே ‘ஒரு லீக் இங்கே 4 கி.மீ.’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.