தசைத் திணிவு

கிளினிக்கில் தராசில் ஏறினால் தெரிவது நிறை. அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அந்தத் தராசு பிரித்துச் சொல்லாது. உடம்பிலுள்ள தசையின் அளவை மட்டும் குறிப்பதுதான் தசைத் திணிவு. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் ஆண்கள் இந்தச் சொல்லை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

திணிதல் என்றால் செறிதல், இறுகி நெருங்குதல். புறநானூற்றின் 2ஆம் பாட்டே 'மண் திணிந்த நிலனும்' என்றுதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தின் 'மாஸ்' லத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் போகிறது. அங்கே அது பார்லி மாவில் பிசைந்த உருண்டை. பொருளுக்கு நம் சொல்லே கிட்ட நிற்கிறது.

குழப்பம் வருவது வேறிடத்தில். இலங்கைப் பாடநூல்களில் 'மாஸ்' திணிவு, 'வெயிட்' நிறை. தமிழ்நாட்டிலோ 'மாஸ்' நிறை, 'வெயிட்' எடை. தமிழ்நாட்டுக் கட்டுரையொன்றில் 'தசை நிறை' என்று வந்தால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படித்தவர் அதைத் தசையின் பாரம் என்றே எடுப்பார். நமக்குத் தசைத் திணிவுதான் சரி.

இது குறைந்து வலுவும் குன்றும் நிலைக்கு 'சார்கோபீனியா' என்று 1989இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் பெயரிட்டார். கிரேக்கத்தில் சார்க்ஸ் சதை, பீனியா இல்லாமை. தமிழில் தசையிழப்பு என்றாலே போதும். சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும் பங்கைத் தசைதான் உள்வாங்குகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தசை கரைகிறது. தசை கரையச் சீனி இன்னும் ஏறுகிறது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை தளர்ந்தால் 'வயசாயிற்று' என்று விட்டுவிடுகிறோம். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, ஆணின் கைப்பிடி வலு 28 கிலோவுக்குக் குறைந்தால் அது வலுக்குறைவு.

அப்புறம், தசையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய யூரிக்கமிலம். சுவீடன் இரசாயனவியலாளர் ஷீலே 1776இல் சிறுநீர்ப்பைக் கல்லில் கண்ட பொருள் இது. பெயரிலுள்ள 'யூர்' கிரேக்கத்தில் சிறுநீர். உடம்பிலும் உணவிலும் உள்ள பியூரின் என்ற பொருள் உடைந்து இது உண்டாகிறது. இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால் ஆண்களுக்கு அதிகம் என்பார்கள். அதற்கும் தசைக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. சிலவற்றில் யூரிக்கமிலம் கூடியவர்களுக்குத் தசையும் கூடுதல், சிலவற்றில் நேர்மாறு. ஒன்று கவனிக்க வேண்டும்: சீனி கட்டுக்கடங்காமல் சிறுநீரில் போகும்போது யூரிக்கமிலமும் சேர்ந்து வெளியேறும். அதனால் ரிப்போட்டில் அது குறைவாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதிப்பட முடியாது.

எனக்குப் பெரிய கவலை பருப்பைப் பற்றித்தான். யூரிக்கமிலம் கூடிவிட்டது என்றதும் பருப்பு, கடலை, பயறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரொட்டியும் சம்பலுமாக இருந்துவிடுகிறார்கள். தசையைக் காக்கும் புரதம் அதோடு போய்விடுகிறது. மரக்கறி, பருப்பு வகைகளிலுள்ள பியூரினால், யூரிக்கமிலம் மூட்டுகளில் படிந்து வரும் கீல்வாதம் (கவுட்) கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. குறைக்க வேண்டியவை சாராயம், பியர், ஈரல், நெத்தலி, இனிப்புச் சோடா. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மட்டும் புரத அளவை டொக்டரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.